தட்டினால் ஓடும் மோட்டார்

"ஹலோ… ஹலோ… ஆமாண்ணே, நான்தான். கேக்குது, கேக்குது. உங்க பக்கத்துல காத்தடிக்கிற மெஷின் ஓடுது, அதுதான் இரைச்சல். கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க… ஆங், இப்பப் பரவால்ல. சொல்லுங்க, வண்டிக்கு என்ன?…"

அவள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையும் ஈரம். ரத்தம் பிடித்துவைக்கும் சின்னக் குழாய்களை அடுக்கி எடுத்துப்போகும் பெட்டியைக் கழுவி மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு அக்கா. இன்றைக்குக் கார் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி அலைந்ததில் கால் இரண்டும் அவளுடையவை போலவே இல்லை.

"ஸ்டார்ட்டர் மோட்டாரா?… ம்… ம்… கார்பன் தேஞ்சு போச்சு… ஆமா, ஆமா… சுருளும் கருகிடுச்சா?… அப்ப கார்பன் மட்டும் மாத்தினா ஓடாது… சரி. சரிண்ணே. புது மோட்டார் எவ்வளவு ஆகும்?…"

"எவ்வளவு?…"

"அண்ணே, நான் மோட்டாரோட விலையக் கேட்டேன், காரோட விலைய இல்ல… பதினாலாயிரமா! என் சம்பளத்துல பாதிக்கு மேல ஆச்சே அது… நல்ல பொருள்தான், வாரன்ட்டி இருக்கும்தான், நான் இல்லேன்னு சொல்லல… ம்…"

பதினாலாயிரம் என்று கேட்டதும் அவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகிக் கொடுத்தது. அது வருத்தம் இல்லை. சாக்குக் கிடைத்த நிம்மதி. இவ்வளவு விலை சொன்ன பிறகு, வேண்டாம் என்று சொல்ல வாய் கூச வேண்டியதில்லை.

"அவ்வளவெல்லாம் நம்மால ஆகாதுண்ணே. ஒண்ணு செய்யுங்க, பழசையே ஒட்டிக் கிட்டி ஓட வெச்சுக் குடுங்க… இல்ல, இல்ல, பேரம் பேசல… பன்னெண்டா? ஐயோ, நான் குறைக்கச் சொல்லலண்ணே. நெசமாத்தான். பழசே போதும்…"

"பழசக் குடுத்தா இன்னும் ஐந்நூறு கழியுமா?… குடுக்க வேணாம்னுதானே சொல்றேன். அண்ணே, கொஞ்சம் காதுல வாங்குங்க. பழைய மோட்டார். அதே மோட்டார். அத முழுசாச் சரியாக்கக்கூட வேணாம். தட்டினா ஓடணும், தட்டலேன்னா ஓடக்கூடாது. அவ்வளவுதான்… சிரிக்காதீங்க… இத்தன வருஷத்துல இப்படி ஒருத்தரும் கேட்டதில்லையா? இப்ப நான் கேக்குறேன்ல…"

மெக்கானிக்குக்கு இது ஏதோ புதுவிதப் பேரம் என்று பட்டிருக்க வேண்டும். அவருக்குப் புரியாமல் போகப் போக விலை இறங்கிக்கொண்டே வந்தது.

"பதினொண்ணா… தங்கச்சிக்காகவா… புரியுதுண்ணே, உங்க கைக்காசு போகுதுன்னு புரியுது… அன்னைக்கு உங்களுக்குச் சர்க்கரை பாத்ததுக்கு நான் காசு வாங்கலேன்னு அதையும் கழிச்சிட்டீங்களா… மறக்க முடியுமா? எஞ்சினையே கழட்டி மாட்டுற ஆளு, ஊசியப் பாத்ததும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டீங்களே… சரி, சரி, யார்கிட்டயும் சொல்லல…"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே தேய்ந்து நின்றது.

அந்த மோட்டார் கெட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. மோட்டாரின் உடம்பில் தட்டினால், உள்ளே ஒட்டாமல் நிற்கும் கார்பன் அசைந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த திருப்பில் வண்டி கிளம்பிவிடும். அவள் கணவர் அதைத் தினமும் செய்தார். மாடியில் அவள் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் கீழே கொட்டகையில் குனிந்து, முன்சக்கரத்து இடுக்கில் இரும்புக் கம்பியை விட்டுத் தட்டுவார். டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். பிறகு மேலே வந்து, வண்டி எழுந்துவிட்டது, நீ எழுந்தாயா என்பார். மோட்டாரை மாற்றிவிடலாமே என்று அவள் சொன்னபோதெல்லாம், அடுத்த மாதம் என்று சொன்னார்.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள், வேலை செய்யும் இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். அந்த முதல் விடிகாலையில் ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டே, வண்டியை இனி யார் தட்டுவது என்று நினைத்தாள். நினைத்த கையோடு கீழேயிருந்து கேட்டது. டொக், டொக். இடைவெளி. டொக்.

அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. எட்டிப் பார்த்தால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆய்வுக்கூடத்து வேலையில் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பிப் பழகியவள்தான். இருந்தாலும், கீழே இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதற்காக, கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினாள். இறங்கிப் போனபோது கொட்டகையில் யாரும் இல்லை. சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.

எட்டு மாதமாக ஒருநாளும் தப்பவில்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று காலையும் சத்தம் கேட்டது. ஆனால் எத்தனை முறை திருப்பியும் வண்டி 'டிக்'கோடு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து, தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுத் தள்ளவைத்து, எஞ்சினை உயிர்ப்பித்து ஓட்டிக்கொண்டு போனார்.

புது மோட்டார் வந்தால் தட்ட வேண்டிய வேலை இருக்காது. வேலை இல்லாவிட்டால் கணவர் எதற்கு வருவார்?

"ஹலோ… இருக்கேண்ணே. யோசிக்கிறேன்… என்னது?… யாராவது அடிச்சாங்களாவா? எதை?… ஓ, மோட்டாரையா. ஆமா, அவரு தட்டுவாரு. உங்களுக்கே தெரியுமே, நீங்கதானே சொல்லிக் குடுத்தது… பழைய அடி இல்லையா?… புதுசா?…"

"எப்படிச் சொல்றீங்க?… அழுக்கு ஏறாம, பளபளன்னு… ம்… ரெண்டு விதமாவா? ஒண்ணு கம்பி பட்ட தடம். இன்னொண்ணு?… கறுப்பா இழுவியிருக்கா. ரப்பரா… ம்…"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இடையில் வேறொரு அழைப்பு வந்து கைபேசி அதிர்ந்தது. ஆய்வுக்கூடத்து எண். காதிலிருந்து எடுக்காமல் அதைத் தானாக ஓயவிட்டாள்.

"ரப்பரே கெடச்சுதா? எங்க இருந்தது?… மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல செருகிக்கிட்டு… என்ன ரப்பர்ணே அது?… குப்பி மாதிரி… அடியில வட்டம் வட்டமா வரி… நாற்காலிக் காலுக்கு மாட்டுவாங்களே, அதுவா?… அதைவிடப் பெருசா…"

உள்ளறை வாசலில் மாமியார் வந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தாரோ. மருத்துவரிடம் போகும் நாளைத் தவிர அவர் மாடியை விட்டு இறங்குவதில்லை; அவ்வளவு முட்டி வலி. மகன் போன பிறகு மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பேச்சு மெலிந்துபோயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு மூடி இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற அளவோடு அது நின்றுவிடும். வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் அவர் பெயர்தான் வரும் என்பதால் இரண்டு பேரும் திறக்கவில்லை.

அவள் பார்வை மாமியாரின் கையிலிருந்த ஊன்றுகோல் வழியாக இறங்கித் தரைக்குப் போனது. நுனியில் ரப்பர் இல்லை. வெறும் மரம், ஓரமெல்லாம் சிதைந்து நார் நாராக விரிந்திருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம். வெச்சிடாதீங்க. லைன்லயே இருங்க…"

கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"அத்தை. அந்த ரப்பர் எங்க?…"

மாமியார் கோலைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஊன்றாமல் நிற்க முடியவில்லை. மறுபடி முன்னால் கொண்டுவந்தார்.

"நீங்களா?… காலைல… அத்தன படியும் எறங்கியா? இந்த முட்டிய வெச்சுக்கிட்டா?… இருட்டுல தடுக்கி விழுந்திருந்தா யாரு பாக்குறது?… நான் எறங்கி வர்றப்ப எங்க இருந்தீங்க?… படிக்கட்டுக்கு அடியிலயா… எங்க தட்டணும்னு உங்களுக்கு யாரு காட்டினா?… அவரா…"

"தான் வெளியூர் போக வேண்டி வந்தா நீங்க தட்டணும்னு காட்டினாரா… என்கிட்டச் சொல்லாதேன்னு சொன்னாரா? ஏன்?… தெரிஞ்சா நானே தட்டப் போவேன், என் கோட்டுல எண்ணெய் பட்டா ரத்தம் குடுக்கிறவங்க முகம் சுளிப்பாங்கன்னா… ம்…"

"ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல?… நான் கேக்கலையா. ஆமா. நான் கேக்கல."

எட்டு மாதம் எட்டிப் பார்க்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, கடைசியில் ஒரு ரப்பர் குப்பியாக வந்து கையில் விழுந்துவிட்டது. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வெட்கமாக மாறியது. அவள் மேலே கழுவிய கையை மறுபடி கழுவிக்கொண்டு நின்ற நேரமெல்லாம், கீழே ஒரு கிழவி முட்டியை மடக்க முடியாமல் மடக்கிக் குனிந்திருக்கிறாள்.

"ஹலோ… ஆமாண்ணே, ரப்பர் எதுன்னு தெரிஞ்சிடுச்சு. நம்ம வீட்டுதுதான்… குரலா? ஒண்ணுமில்ல, காலைல பஸ்ல ஜன்னலோரம் வந்தேன்ல… புதுசே போடுங்கண்ணே. ஆமா, பதினொண்ணுக்கே. சம்பளம் வந்ததும் பாதி, அடுத்த மாசம் பாதி… இல்ல, மறுபடி மாத்திப் பேச மாட்டேன். போட்டுடுங்க. இனிமே ஒருத்தரும் படி எறங்கி அல்லாட வேணாம். எப்ப முடியும்?…"

"என்ன?…"

"ஏற்கெனவே மாட்டிட்டீங்களா!… எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியேவா?… அப்ப இவ்வளவு நேரம் என்கிட்ட எதுக்குக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?… கேக்கணுமேன்னு கேட்டீங்களா. நல்லா இருக்குண்ணே உங்க நியாயம். மாப்பிள்ளையத் தாலி கட்டச் சொல்லிட்டுப் பொண்ணு சம்மதமான்னு கேட்ட மாதிரி… ஆமா, நாளைக்கு நான் திண்டாடக் கூடாதுன்னுதான். நல்ல மனசுதான். யாரு இல்லேன்னா…"

இவ்வளவு நேரம் வேண்டும் வேண்டாம் என்று அவள் மல்லுக்கு நின்றது முடிந்துபோன ஒன்றோடு. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியார் மெல்ல நடந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கவிழ்த்து வைத்த பெட்டியைப் பார்த்தபடி ஏதோ சொன்னார்.

"என்ன அத்தை?… தினமும் எறங்கலையா?… அண்ணே, இருங்க, ஒரு நிமிஷம்… முட்டி வீங்கின நாள்ல எறங்கல. சரி. மழை நாள்ல எறங்கல… கண் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்த வாரம் முழுக்கப் படுக்கைய விட்டே எழுந்திரிக்கல. ஆமா, எனக்குத் தெரியும், நான்தானே மருந்து போட்டேன். ஆனா அந்த வாரமும் சத்தம்…"

மாமியார் விரலை அவள் பக்கம் நீட்டினார்.

"நானா?… நான் எங்க அத்தை தட்டினேன்?…"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நாள்லயும் நீங்க கேட்டீங்களா?… கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டுக் கேட்டீங்களா? ரெண்டு தட்டு, நிறுத்தி, இன்னொரு தட்டு… அப்படியேவா… கேட்டுட்டு, நான்தான் தட்டுறேன்னு நெனச்சுக்கிட்டீங்களா… ஐயோ, அத்தை. நான் அந்தக் கம்பியத் தொட்டதுகூட இல்ல."

கட்டுப் போட்டிருந்த அந்த வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு காலையிலும் வண்டி கிளம்பாமல் இருக்கவில்லை. அவள் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்துக் கேட்டிருக்கிறார். தட்டுவது கணவர் என்று இவள் நினைத்தாள். மாமியார் இவள் என்று நினைத்தார். தட்டை நகர்த்தும்போதோ, மாத்திரையைக் கொடுக்கும்போதோ ஒரே ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். இரண்டு பேரும் கேட்கவில்லை.

"ஹலோ. அண்ணே… அந்தக் கம்பித் தடம் இருக்கே. ரப்பர் தடம் இல்ல, இன்னொண்ணு. அது பழசுதானே? அவரு இருந்தப்பத் தட்டினதுதானே?… புதுசுன்னுதானே சொன்னீங்க… நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மோட்டார எடுத்து வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க… ஏன் முடியாது?… குடுத்தாச்சா? பழைய மோட்டார் எடுக்கிற கடைக்கா… போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்கண்ணே, நான் காசு தரேன்… உடைச்சுட்டாங்களா… செம்பு தனியா, இரும்பு தனியா… ம்…"

"ம்… சரிண்ணே… இல்ல, உங்க மேல தப்பு இல்ல…"

"ஞாபகத்துலயிருந்து சொல்லுங்க. புதுசா, பழசா?… நிச்சயமாச் சொல்ல வராதா… ஆமா, எண்ணெய் பட்டா எல்லாமே பளபளன்னுதான் தெரியும்… ம். ஆமா, ஆமா… ஏன் கேக்குறேன்னா… ஒண்ணுமில்லண்ணே. சும்மாத்தான்."

மெக்கானிக்குக்கு அவள் குரல் சரியாகப் படவில்லை போலும். வேலை சுத்தமில்லை என்று சந்தேகப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இப்பவா? போன்லயே கேக்கணுமா?… சரி, போடுங்க…"

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல், இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தாள். கார்க் கதவு சாத்தும் சத்தம். சாவி திரும்பியது. 'டிக்' இல்லை, தயக்கம் இல்லை. ஒரே மூச்சில் எஞ்சின் எழுந்து ஓடியது. அந்த வண்டி இப்படிக் கிளம்பி இரண்டு பேரும் கேட்டு எத்தனை காலம். மாமியார் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, வேறு யாருடைய வண்டியோ என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டோம்ணே… ஆமா, ரெண்டு பேரும்தான்… ஒரே திருப்பு. யாரு கையும் படாம… நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்குண்ணே… நிறுத்திடுங்க, போதும்… எப்பக் கொண்டு வரீங்க?… சாயங்காலமா…"

சாயங்காலம் வந்தால் அடுத்தாற்போல விடிகாலையும் வந்துவிடும். இனி மாமியார் இறங்கப் போவதில்லை. இனி தட்டுவதற்குக் காரணமும் இல்லை. அவள் அதே இடத்தில் நின்று ஐஸ் கட்டிகளை அடுக்குவாள். கீழே சத்தம் வராவிட்டால் அவர் போய்விட்டார். வந்துவிட்டால்? மாமியாரைப் பார்த்தாள். மாமியாரின் கை கோலின் பிடியை விட்டு விட்டு இறுக்கிக்கொண்டிருந்தது. அவரும் நாளைக் காலையில்தான் இருந்தார்.

"இல்லண்ணே, இன்னைக்கு ராத்திரி அங்கயே இருக்கட்டும். நான் காலைல வந்து… என்ன அத்தை?…"

மாமியார் மேசையின் குறுக்கே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். தலையை ஆட்டினார். மெதுவாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"கொண்டு வரச் சொல்லவா?… சரி அத்தை… ஹலோ. இல்லண்ணே, கொண்டு வந்தே விட்டுடுங்க. அத்தை சொல்றாங்க… கொட்டகை திறந்துதான் இருக்கும். அந்த ரப்பரையும் எடுத்துட்டு வாங்க, தூக்கிப் போட்டுடாதீங்க, அவங்க வெறுங்கட்டைய ஊனிக்கிட்டு நிக்கிறாங்க… ம்… ம்… சரி, வெக்கிறேன்…"

"அண்ணே, அண்ணே… வெச்சிட்டீங்களா?… வண்டிய நிறுத்தும்போது சுவத்தோட ஒட்டி நிறுத்திடாதீங்க. இடது பக்கம், முன்சக்கரத்துகிட்ட… ஒரு ஆள் குனிய எடம் விட்டு நிறுத்துங்க…"

"தெரியும்ணே. புது மோட்டாரத் தட்ட வேண்டியதில்லதான்…"

"இல்ல. இருக்கட்டும். எடம் விட்டே நிறுத்துங்க."

யாருக்கு என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் வைத்துவிட்டாள்.